ரப்பர் பூட்ஸ் போட்ட நாயகர்கள்

கேள்வி: ஊரடங்கு நாட்களில் என் மகன் தினமும் இரவு ஒன்பது மணிவாக்கில் நியூயார்க் கவர்னர் ஆண்ட்ரூ குவோமோவின் நேரலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். “அடுத்த அமெரிக்க ஜனாதிபதி இவர்தான்ப்பா, எழுதி வச்சுக்கோங்க” என்று என்னிடம் நூறு ரூபாய் பந்தயம் கட்டினான். கேரளத்துக்கு அப்போதைய சுகாதார அமைச்சர் ஷைலஜா டீச்சர்தான் அடுத்த முதல்வர் என்றும் அதே வாயால் சொன்னான். இரண்டும் நடக்கவில்லை. (பந்தயப் பணம் இன்னும் வரவில்லை என்பது வேறு விஷயம்.) வெள்ளம், தொற்று, போர் என்று ஏதாவது வந்துவிட்டால் ஒரு தலைவரின் செல்வாக்கு ஏன் இப்படித் திடீரென்று ஏறுகிறது? எல்லாம் விளம்பர வேலைதானா? அப்படி ஒரு நெருக்கடியைப் பிடித்துக்கொண்டு உண்மையிலேயே மேல் பதவிக்குப் போனவர்கள் உண்டா?

— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

பதில்: பந்தயப் பணத்தைக் கறாராக வசூல் செய்யுங்கள். ஆனால் மகனை ரொம்பவும் கேலி செய்ய வேண்டாம். 2020 மார்ச், ஏப்ரலில் அமெரிக்காவின் பெரிய பத்திரிகையாளர்கள் பலர் கிட்டத்தட்ட அதே பந்தயத்தைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோ பைடன் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார், கட்சி மாநாடு ஆகஸ்டில்தானே, அதற்குள் வேட்பாளரை மாற்றிக் குவோமோவை நிறுத்தினால் என்ன என்று வெளிப்படையாகவே பேசினார்கள்.

விளம்பர வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரம் உண்டு, ஆனால் அது பின்னால் வருவது. முதலில் நடப்பது வேறு. அதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1961 ஏப்ரலில், கியூபாவிலிருந்து தப்பி வந்த சுமார் 1,400 பேரை ஆயுதம் கொடுத்து பிக்ஸ் விரிகுடாவில் இறக்கியது அமெரிக்கா. மூன்றே நாளில் கதை முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஃபிடல் காஸ்ட்ரோவின் படையிடம் பிடிபட்டார்கள். ஜனாதிபதி கென்னடிக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. அடுத்து வந்த காலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 83 சதவீதம்! அவர் பதவிக்காலம் முழுவதிலும் அதுதான் உச்சம். மோசமாகச் செய்யச் செய்ய மக்களுக்கு என்னைப் பிடிக்கிறதே என்று அவரே சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

வெற்றி பெற்றவரை மக்கள் கொண்டாடினால் அதில் விளக்க ஒன்றுமில்லை. தோற்றவருக்கும் ஏறுகிறது என்றால், அந்தக் கணிப்பு அவருடைய திறமையை அளக்கவில்லை என்றுதான் பொருள். அது அளந்தது மக்களின் அச்சத்தை. வீட்டில் பெரிய கஷ்டம் வந்தால், முந்தின நாள்வரை அப்பாவோடு மல்லுக்கு நின்ற பிள்ளைகள்கூட அவர் முகத்தைப் பார்ப்பார்கள் அல்லவா, அதுதான். ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் 1970-இல் இதற்கு, மக்கள் கொடியைச் சுற்றித் திரள்கிறார்கள் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். நெருக்கடியின் முதல் சில வாரங்களில் எதிர்க்கட்சி வாயை மூடிக்கொள்கிறது. ஊரே அழும்போது குறை சொன்னால் தனக்குத்தான் கெட்ட பெயர் என்று அதற்குத் தெரியும். குறை சொல்ல ஆளில்லாவிட்டால் பத்திரிகைகளில் தலைவர் சொன்னது மட்டுமே செய்தி. வாசகனுக்குக் கேட்பதெல்லாம் ஒரே குரல்.

ஆகவே ஏறியது இறங்கும். 2001 செப்டம்பர் 11-க்கு முன் ஜார்ஜ் புஷ்ஷுக்கு 51 சதவீத ஆதரவு. இரண்டே வாரத்தில் 90. அவருடைய தந்தை 1991 வளைகுடாப் போர் முடிந்தபோது 89 சதவீதத்தில் இருந்தார். அடுத்த ஆண்டே பில் கிளின்டனிடம் தோற்று வீட்டுக்குப் போனார்.

இனி உங்கள் மகனின் நாயகருக்கு வருவோம். குவோமோ 2011 முதல் நியூயார்க்கின் கவர்னராக இருந்தவர். அங்கே கவர்னர் என்றால் நம் ஊர் ஆளுநர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதல்வர் மாதிரி. ஒன்பது ஆண்டு ஆண்ட சலிப்பு மக்களிடம் இருந்தது. 2020 பிப்ரவரியில் அவரைப் பிடிக்கும் என்றவர்கள் பாதிக்கும் குறைவு. மார்ச் 1 அன்று மாநிலத்தில் முதல் கொரோனா நோயாளி. மார்ச் கடைசியில் சியனா கல்லூரி எடுத்த கணிப்பில், தொற்றை அவர் சரியாகவே கையாள்கிறார் என்றவர்கள் 87 சதவீதம்.

இடையில் அவர் செய்தது என்ன? தினமும் பேசினார். 111 நாட்கள் தொடர்ந்து, ஒரு நாள் விடாமல். எத்தனை படுக்கை, எத்தனை வென்டிலேட்டர், நேற்று எத்தனை சாவு என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார். தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். டிவி தொகுப்பாளரான தம்பிக்கே நோய் வந்ததைச் சொன்னார். அதே நாட்களில் வெள்ளை மாளிகை மேடையில் டொனால்ட் டிரம்ப், கிருமிநாசினியை உடம்புக்குள் செலுத்திப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இப்படி ஒருவர் நின்றால், ஒழுங்காக எண்ணிக்கை சொல்கிறவரே மகானாகத் தெரிவார். குவோமோ வாங்கிய மதிப்பெண்ணில் பாதி டிரம்ப் போட்டது என்பது என் கணக்கு.

மேல் பதவிப் பேச்சு அந்தக் குடும்பத்துக்குப் புதிதும் அல்ல. தந்தை மரியோ குவோமோவும் மூன்று முறை நியூயார்க் கவர்னர். ஜனாதிபதி தேர்தலில் நிற்பாரா மாட்டாரா என்று நாடே பல ஆண்டு காத்திருந்தது. 1991 டிசம்பரில் வேட்புமனு கொடுக்கப் போவதற்காக விமானம் ஓடுபாதையில் தயாராக நின்றது. அவர் ஏறவில்லை. மகனுக்கு அந்த விமானம் மீண்டும் வந்து நிற்கிறது என்று 2020-இல் பலரும் நினைத்ததில் வியப்பில்லை.

அந்த 111 நாட்களில் யாரும் உரக்கக் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அமெரிக்க மாநிலங்களிலேயே அப்போது மிக அதிகம் பேர் இறந்துகொண்டிருந்தது அவருடைய மாநிலத்தில்தான். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம் மார்ச் 16-இலேயே மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லி உத்தரவு போட்டது. நியூயார்க் மாநிலத்தின் உத்தரவு நடைமுறைக்கு வந்தது மார்ச் 22. கொள்ளைநோய்க்கு ஆறு நாள் என்பது நீண்ட காலம். மார்ச் 25 அன்று, கொரோனா இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நோயாளிகளை முதியோர் இல்லங்கள் திருப்பி அனுப்பக் கூடாது என்று மாநில சுகாதாரத் துறை ஆணையிட்டது. முதியோர் இல்லத்தில் நோய் வந்து, மருத்துவமனையில் போய் இறந்தவர்கள் இல்லத்துக் கணக்கில் வரவே இல்லை. 2021 ஜனவரியில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் லெட்டிஷியா ஜேம்ஸ் அறிக்கை வெளியிட்டார். இல்லங்களின் சாவுக் கணக்கு 50 சதவீதம் வரை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்றது அது. தினமும் எண்ணிக்கை சொன்னவர் என்பதற்காகக் கொண்டாடப்பட்டவர், எண்ணிக்கையிலேயே மாட்டினார்.

அதற்குள் அவர் தொற்றை வென்ற கதையைப் புத்தகமாகவே எழுதி 2020 அக்டோபரில் வெளியிட்டிருந்தார். ஒப்பந்தத் தொகை 50 லட்சம் டாலருக்கும் மேல். இரண்டாம் அலை அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தது! நவம்பரில் அந்த நேரலைகளுக்காக சர்வதேச எம்மி விருதும் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் 11 பெண்களிடம் அவர் தவறாக நடந்துகொண்டதாக இன்னொரு விசாரணை அறிக்கை வந்தது. அவர் மறுத்தார். ஆனாலும் பதவி விலகினார். எம்மியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2025-இல் நியூயார்க் நகர மேயர் பதவிக்கு நின்றார். கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஸோரான் மம்தானியிடம் தோற்று, சுயேச்சையாக நின்று நவம்பரில் அதே மம்தானியிடம் மறுபடியும் தோற்றார். ஜனாதிபதி பேச்சில் தொடங்கியது மேயர் பதவிகூடக் கிடைக்காமல் முடிந்தது.

மேலே போனவர்கள் உண்டா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. உண்டு. ஒரே தாவலில் போனவர் ஹெர்பர்ட் ஹூவர். 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் நீரில் மூழ்கியது. அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். ஜனாதிபதி கூலிட்ஜ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நிவாரணப் பொறுப்பை வணிகத் துறை அமைச்சர் ஹூவரிடம் கொடுத்தார். ஹூவர் முதல் உலகப் போரில் பெல்ஜியத்துக்குச் சோறு போட்ட மனிதர், இந்த வேலையில் பழுத்தவர். மாதக்கணக்கில் அவர் பெயர் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் ஓடியது. அந்த ஆகஸ்டில் கூலிட்ஜ் மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவிக்க, அடுத்த ஆண்டு ஹூவர் 444-க்கு 87 என்ற தேர்வாளர் வாக்குகளில் ஜனாதிபதி ஆனார்.

அந்த நிவாரண முகாம்களில் கறுப்பின மக்களைத் துப்பாக்கிக் காவலில் அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். அதை விசாரிக்கக் குழு போட்ட ஹூவர், தேர்தல் முடியும்வரை விஷயத்தை அமுக்கி வைத்தார். கறுப்பின மக்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளைக் காப்பாற்றவும் இல்லை. பிறகு 1929-இல் பங்குச்சந்தை சரிந்தது. வெள்ளத்தில் சோறு போட்டவரால் பொருளாதாரச் சரிவில் வழி காட்ட முடியவில்லை. வீடிழந்தவர்கள் தகரமும் அட்டையும் வைத்துக் கட்டிய சேரிகளுக்கு மக்கள் அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு வேலையில் கெட்டிக்காரர் அடுத்த வேலையிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று நம்பியதற்கு ஒரு நாடே விலை கொடுத்தது.

செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க் நகர மேயராக இருந்த ரூடி ஜூலியானியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் மேயர் என்ற பட்டத்தோடு 2008 ஜனாதிபதி களத்தில் இறங்கினார். முந்தைய ஆண்டின் பெரும்பகுதியில் தன் கட்சிக்குள் கணிப்புகளில் முன்னணியில் இருந்தார். ஃபுளோரிடாவில் மூன்றாம் இடம் வந்ததும் மறுநாளே விலகினார். நகரத்தின் அவசரகாலக் கட்டுப்பாட்டு மையத்தை அவர் அமைத்திருந்தது உலக வர்த்தக மைய வளாகத்திலேயே. 1993-இல் ஒரு முறை குண்டு வெடித்த இடம் அது. தேவைப்பட்ட அந்த நாளில் அது பயன்படாமல் போனது. தீயணைப்பு வீரர்களின் சங்கமே அவரை எதிர்த்துப் பிரசாரம் செய்தது.

இந்த விஷயத்துக்குப் பாடநூல் மாதிரி இருக்கும் நாடு ஜெர்மனி. அங்கே ஆற்று வெள்ளம் வந்தால் பத்திரிகையாளர்கள் முதலில் பார்ப்பது எந்தத் தலைவர் ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறார் என்பதைத்தான். 1962 பிப்ரவரி 16 இரவு வடகடல் பொங்கி எல்பே நதிக்குள் ஏறி, ஹாம்பர்க் நகரின் கரைகளை அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைத்தது. தூக்கத்திலேயே பலர் இறந்தார்கள். மொத்தம் 315 பேர். மேயர் ஊரில் இல்லை. காவல் துறைக்குப் பொறுப்பான 43 வயது ஹெல்முட் ஷ்மிட் விடியற்காலையில் வந்து மொத்தக் கட்டளையையும் கையில் எடுத்தார். தனக்குப் பழக்கமான நேட்டோ தளபதிக்கே நேராகச் சொல்லி ஹெலிகாப்டர்களை வரவழைத்தார். உள்நாட்டு வேலைக்கு ராணுவத்தை இறக்க அன்றைய அரசியல் சட்டத்தில் இடமில்லை. அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார நேரமில்லை என்பதுபோல் நடந்துகொண்டார். நாடு முழுக்க அவர் பெயர் பரவியது. அவர் வருவதற்கு முன்பே ராணுவ உதவி கேட்கப்பட்டுவிட்டது, புராணம் கொஞ்சம் ஊதிப் பெருத்துவிட்டது என்று பின்னாளில் வரலாற்றாய்வாளர்கள் சொன்னார்கள். ஆனாலும் வேலை நடந்தது, ஆயிரக்கணக்கானோர் கூரைகளிலிருந்து மீட்கப்பட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஷ்மிட் சான்சலர் (அங்கே நம் பிரதமர் மாதிரி) ஆனார். ஆனால் எப்போது? 1974-இல். நடுவில் 12 ஆண்டுகள். நாடாளுமன்றக் கட்சித் தலைவர், பாதுகாப்பு அமைச்சர், நிதியமைச்சர் என்று படிப்படியாக வேலை பார்த்தார். வெள்ளம் அவரை ஊருக்கு அறிமுகம் செய்தது, அவ்வளவுதான்.

2002 ஆகஸ்டில் அதே எல்பே கிழக்கு ஜெர்மனியை மூழ்கடித்தது. தேர்தலுக்கு ஐந்து வாரம். சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் கணிப்புகளில் பின்தங்கியிருந்தார். கிரிம்மா என்ற சிற்றூரில் சேற்றில் பூட்ஸோடு இறங்கி நடந்தார். வரிக்குறைப்பைத் தள்ளிவைத்து நிவாரணத்துக்குப் பணம் திருப்பினார். எதிர்த்து நின்ற எட்மண்ட் ஸ்டொய்பர் விடுமுறையில் இருந்தவர், தாமதமாக வந்தார். ஷ்ரோடரின் கட்சி சுமார் 6,000 வாக்கு வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தது. இராக் போருக்கு வர மாட்டேன் என்று அவர் சொன்னதும் உதவியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் மைக்கேல் பெக்டெல், யென்ஸ் ஹைன்முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில், வெள்ளம் பாதித்த பகுதிகளில் மட்டும் அவர் கட்சிக்கு சுமார் 7 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைத்தது தெரிந்தது. 2005 தேர்தலில் அதில் கால்பங்குதான் மிச்சமிருந்தது. நன்றிக்கு மூன்று ஆண்டில் இவ்வளவு தேய்மானம்.

2021 ஜூலை. ஜெர்மனியில் 180-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளம். சான்சலர் வேட்பாளர் ஆர்மின் லாஷெட்டின் சொந்த மாநிலத்திலும் அடித்தது. ஜனாதிபதி துக்கத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று யாரோடோ சிரித்துக்கொண்டிருந்த லாஷெட்டைக் கேமரா பிடித்துவிட்டது. சில நொடிகள்தான். செப்டம்பரில் அவருடைய கட்சிக் கூட்டணி 24.1 சதவீதத்துக்கு இறங்கியது. அதுவரை அவர்கள் கண்ட தேர்தல்களிலேயே மோசமான முடிவு. தூக்கிவிடுகிற அதே வெள்ளம் கவிழ்த்தும் விடும், அதற்கு ஒரு சிரிப்புப் போதும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இதற்கு அடியில் இருக்கும் ஒரு விஷயம். ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரு அறிஞர்கள் 2009-இல் அமெரிக்க மாவட்டங்களின் வாக்குகளையும் பேரிடர்ச் செலவுகளையும் ஒப்பிட்டார்கள். நிவாரணமாகக் கொடுத்த பணத்துக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். முன்னெச்சரிக்கைக்குச் செலவழித்த பணத்துக்கு ஓட்டே இல்லை. முன்னெச்சரிக்கையில் போட்ட ஒரு டாலர், பின்னால் வரும் 15 டாலர் சேதத்தைத் தடுக்கிறது என்பதும் அவர்கள் கணக்கு. ஒரு முதல்வரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். வாய்க்காலைத் தூர்வாரினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தூர்வாராமல் விட்டு, வெள்ளம் வந்தபின் படகில் போனால் முதல் பக்கத்தில் படம் வரும்.

நம் பக்கம் மட்டும் விதிவிலக்கா? 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களில் ஸ்டிக்கர் ஒட்டிய கதையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறவில்லை. ஆனால் தண்ணீரில் நின்ற சென்னையின் 16 தொகுதிகளில் 10 தி.மு.க.வுக்குப் போயின.

ஒடிசாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1999 அக்டோபர் 29 அன்று வந்த பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அந்த டிசம்பரில் முதல்வர் மாறினார், சில மாதங்களில் ஆட்சியும் மாறியது, நவீன் பட்நாயக் வந்தார். பேரிடர் மேலாண்மைக்கென்றே மாநிலம் ஓர் அமைப்பை உருவாக்கியது. புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. 2013-இல் பைலின் புயலுக்கு முன் சுமார் பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. 2014-இல் அவர் கட்சி 147 தொகுதிகளில் 117-ஐ வென்றது. மலிவு அரிசிக்கும் அதில் பங்கு உண்டு. 24 ஆண்டுகள் முதல்வராக இருந்த அவரைப் பிரதமராக்க வேண்டும் என்ற குரல் டெல்லியில் ஓங்கிக் கேட்டதே இல்லை. புயலில் சாகாமல் பிழைத்தவர்கள் செய்தியாவதில்லை.

ஷைலஜா டீச்சர் விஷயம் வேறு வகை. 2018-இல் கோழிக்கோடு, மலப்புரம் பகுதியில் நிபா வந்தபோது அது பரவாமல் கட்டுப்படுத்தினார். கொரோனாவின் முதல் அலையில் உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. 2021-இல் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். புதிய அமைச்சரவையில் அவர் இல்லை. எல்லாருமே புதுமுகங்களாக இருக்கட்டும் என்பது கட்சி சொன்ன காரணம். முந்தைய அமைச்சரவையில் இருந்த அந்தக் கட்சியினரில் முதல்வர் மட்டும் தொடர்ந்தார். 2024 மக்களவைத் தேர்தலில் வடகரையில் நிறுத்தினார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். அமெரிக்காவில் புகழ் இருந்தால் நீங்களே போய் மனு கொடுக்கலாம். இங்கே மேல் பதவிக்கு வழி கட்சி அலுவலகத்துக்குள் போகிறது. புகழ் கூடினால் அந்தக் கதவு சில சமயம் இன்னும் இறுகச் சாத்திக்கொள்கிறது. டீச்சரைப் பொறுத்தவரை உங்கள் மகன் ஆளைத் தப்பாகக் கணிக்கவில்லை. கட்சியைத்தான் தப்பாகக் கணித்தார்.

அடுத்த முறை அவர் பந்தயத்துக்கு வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் சில கேள்விகள் கேட்டுவிட்டு. எச்சரிக்கை அந்தத் தலைவரின் மேஜைக்கு எந்தத் தேதியில் வந்தது, அதற்கும் அவருடைய முதல் உத்தரவுக்கும் நடுவே எத்தனை நாள்? சாவுக் கணக்கை வெளியாள் யாராவது சரிபார்த்தார்களா? அவர் கேட்கும் புதிய பதவியின் வேலை, இந்த நெருக்கடியில் அவர் செய்த வேலையைப் போன்றதுதானா? ஹூவர் முதல் இரண்டு கேள்விகளையும் தாண்டிவிடக்கூடும், மூன்றாவதில் விழுவார். குவோமோ முதல் கேள்வியிலேயே தடுமாறுவார்.

ஹாம்பர்க் கதையில் ஒரு பாதியை நான் இன்னும் சொல்லவில்லை. 1962-இல் அங்கே நீர் 5.70 மீட்டர் உயரம் வந்தது. அதற்குப் பிறகு கரைகளை உயர்த்திப் பலப்படுத்திக் கட்டினார்கள். 1976 ஜனவரி 3 அன்று நீர் 6.45 மீட்டருக்கு ஏறியது, அந்த நகரம் அதுவரை கண்டிராத உயரம். துறைமுகத்தில் சேதம் இருந்தது. ஆனால் நகரத்தின் கரைகள் தாங்கின, 1962 போல ஊர் மூழ்கவில்லை. அந்தக் கரைகளைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவரையும் யாரும் சான்சலராக்கச் சொல்லவில்லை.